அறுபதைத் தாண்டினால் நடுக்கம்

அடையாறு கடந்து, திருவான்மியூர் கடந்து, கிழக்குக் கடற்கரைச் சாலை சற்றே மூச்சு விடும் இடத்தில்தான் அந்தச் சத்தம் கேட்டது. 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். நகம் வெட்டும்போது கேட்குமே, அவ்வளவுதான். ஆனால் கண்ணாடி வியாபாரம் செய்கிறவர்களுக்கு அது வயிற்றில் கேட்கும்.

கரீம் பாய் வண்டியை ஓரங்கட்டினார். நான் இறங்கிப் பின்பக்கம் ஓடினேன். மரச்சட்டத்தில் சாய்த்து, கோணி கொடுத்துக் கட்டியிருந்த ஆளுயரக் கண்ணாடியின் மேல் மூலையிலிருந்து நடு வரைக்கும் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் வானம், அந்தப் பக்கம் கொஞ்சம் வானம். இரண்டும் ஒட்டவில்லை.

நீலாங்கரையில் ஓர் அழகு நிலையத்துக்குக் கொண்டுபோன கண்ணாடி அது. மறுநாள் திறப்பு விழா.

"பள்ளத்துல விட்டுட்டீங்களா பாய்?"

"பள்ளம் எங்கமா கீது? ரோட்டப் பாரு, துணி விரிச்சா மாரி கீது. அறுபதத் தாண்டுனா வண்டி நடுங்குது. நீயும் கூடத்தானே உக்காந்துகினு வந்தே, உனுக்குத் தெர்ல?"

தெரிந்தது. நகரத்துக்குள் ஓடும்வரை ஒன்றுமில்லை. சாலை காலியாகி, முள் அறுபதைத் தொட்டதும் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பும். கால் வைத்திருக்கும் தகரம் முனகும். கதவுப் பையில் இருக்கும் தண்ணீர் பாட்டில் தானாகப் பேச ஆரம்பிக்கும். வேகத்தைக் குறைத்தால் எல்லாம் அடங்கிவிடும், எதுவுமே நடக்காததுபோல.

கடையும் வண்டியும்

கடையைப் பற்றி இந்தப் பக்கங்களில் முன்பே சொல்லியிருக்கிறேன். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக மறுபடியும். ராயப்பேட்டையில் எங்களுடையது கண்ணாடிக் கடை. ஜன்னலுக்கு, அலமாரிக்கு, முகம் பார்க்க என்று அளவுக்கு வெட்டிக் கொடுப்போம். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தொடங்கியது. இப்போது அண்ணன் வேலாயுதமும் நானும் சேர்ந்து நடத்துகிறோம். அண்ணன் கல்லாவில் உட்காருவார். அளவெடுப்பதும் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் என் பொறுப்பு.

கொண்டுபோய்ச் சேர்ப்பது என்றால் எங்கள் பழைய பிக்கப் வண்டியும் கரீம் பாயும்தான். வண்டி ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது. கரீம் பாய் அது வாங்கிய நாளிலிருந்து ஓட்டுகிறார். எங்கள் கடைக்குப் பின்தெருவில் வீடு.

அவருடைய கைகளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு முன்னால் தியாகராய நகரில் துணிக்கடைகளுக்கு உடைமாற்றும் அறைக் கண்ணாடி போகும். ரங்கநாதன் தெருவுக்குள் வண்டி நுழையாது. அதனால் கண்ணாடியை இருவர் தூக்கிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் நடக்க வேண்டும். முன்னால் எப்போதும் கரீம் பாய்.

"வழி, வழி, கண்ணாடி, கண்ணாடி" என்று அவர் பாடுவதுபோலச் சொல்லிக்கொண்டே போவார். எதிரே வருகிற பெண்கள் ஒதுங்கமாட்டார்கள். கண்ணாடியைப் பார்த்ததும் நின்று பொட்டைச் சரிசெய்துகொள்வார்கள். ஒருமுறை ஓர் அம்மாள், "கொஞ்சம் நில்லுப்பா" என்று சொல்லிவிட்டு மல்லிகைப் பூவைத் திருப்பி வைத்துக்கொண்டார். வியர்வையும் வேர்க்கடலை வாசனையும் முட்டித் தள்ளுகிற அந்த நெரிசலில், பாரத்தைப் பிடித்தபடி, அவர் பூ வைத்து முடிக்கும்வரை கரீம் பாய் நின்றார். கண்ணாடியில் அந்த அம்மாளின் முகம் கொஞ்சம்கூட ஆடவில்லை.

அப்படிப்பட்ட கைகள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சிக்னலுக்கும் சிக்னலுக்கும் நடுவில்

நடுக்கம் தொடங்கியது கிளட்ச் மாற்றிய பிறகு. அதற்கு முன்பு அதே வண்டி கோவளம்வரை கண்ணாடியோடு போய் வந்திருக்கிறது. கிளட்ச் மாற்றியது நந்தனம் பக்கத்தில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டர். பெயர் வேண்டாம். குளிரூட்டிய அறை, காப்பி இயந்திரம், சுவரில் சிரிக்கும் குடும்பத்தின் படம் எல்லாம் உண்டு.

நேராக அங்கேதான் போனேன். கழுத்தில் அட்டை தொங்கிய ஓர் இளைஞர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டெஸ்ட் டிரைவ் எடுக்கறோம் மேடம்" என்றார். காப்பி ஆறுவதற்குள் வண்டி திரும்பி வந்துவிட்டது.

"வைப்ரேஷன் எதுவும் இல்லையே மேடம்."

"எதுவரைக்கும் போனீங்க?"

"தேனாம்பேட்டை சிக்னல் வரைக்கும்."

நந்தனத்திலிருந்து தேனாம்பேட்டைக்கு, காலைப் பதினொரு மணி வாக்கில், மேம்பால வேலைக்காகத் தகரத் தடுப்புகள் பாதிச் சாலையைத் தின்றுவிட்ட அண்ணா சாலையில்! முன்னால் ஒரு மாநகரப் பேருந்து போனால் நடந்துபோகிறவர் நம்மை முந்துவார்.

"அறுபதுக்கு மேலதான் நடுங்குதுன்னு சொன்னேனே. நீங்க எவ்வளவு வேகத்துல போனீங்க?"

"முப்பது, முப்பத்தஞ்சு... சிட்டில அவ்ளோதான் மேடம் போக முடியும்."

ராத்திரி மட்டும் ஜுரம் வருகிறது என்று சொல்கிறவளை மத்தியானம் தொட்டுப் பார்த்துவிட்டு, உனக்கு ஒன்றுமில்லை என்று அனுப்புகிற வைத்தியம் இது. நான் விடவில்லை. கடற்கரைச் சாலைக்கு எடுத்துப் போங்கள் என்றேன். அந்த இளைஞர் என் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடினார்.

"சார் வரலையா மேடம்?"

"எந்த சார்?"

"வண்டிய பார்த்துக்கற சார். அவர் வந்தா எக்ஸ்ப்ளெயின் பண்ணிடுவேன்."

"நான்தான் பார்த்துக்கறேன். எனக்கே எக்ஸ்ப்ளெயின் பண்ணுங்க."

அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். டயர் தேய்ந்திருக்கிறது என்றார். மாற்றினோம், நான்கையும். நடுக்கம் போகவில்லை. சக்கரச் சமநிலை என்றார்கள். பார்த்தார்கள். போகவில்லை. பாரத்தை ஒரு பக்கமாக ஏற்றுகிறீர்கள் என்றார்கள். காலி வண்டியிலும் நடுங்குகிறது என்றேன். "காலியா போனா அப்படித்தான் மேடம் இருக்கும்" என்றார்கள்.

இதைச் சொன்னது அதே வாய். ஒரு நிமிட இடைவெளிகூட இல்லை.

ஒரு நகைச்சுவை

அடுத்த முறை போனபோது மேலாளரே வெளியே வந்தார். நல்ல இஸ்திரி போட்ட சட்டை. கரீம் பாய் என் பக்கத்தில் நின்று, நடுக்கம் எப்படி வருகிறது என்று கையை அசைத்துக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். மேலாளர் அவருடைய வெள்ளைத் தாடியைப் பார்த்தார். காட்டிக்கொண்டிருந்த கையைப் பார்த்தார்.

"பாய், உங்களுக்கு வயசு என்ன ஆச்சு?"

"அறுபதத் தாண்டிட்சி சார்."

"அதான் பாருங்க மேடம். அறுபதைத் தாண்டினா யாருக்கும் நடுங்கத்தான் செய்யும். ப்ராப்ளம் வண்டில இல்ல, டிரைவர் கைல இருக்கு."

சிரித்தார்கள். அட்டை தொங்கிய இளைஞர் சிரித்தார். பணிமனைக் கதவருகே நின்ற மெக்கானிக்குகள் சிரித்தார்கள். காப்பி குடித்துக்கொண்டிருந்த, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரும் சிரித்தார்.

"நடுங்கறது சீட்டு. ஸ்டியரிங் இல்ல. அவர் சீட்டை கையில பிடிச்சா ஓட்டறார்?" என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. குரல் உயர்ந்த பெண்ணுக்கு இந்த ஊரில் ஒரே பதில்தான்: "டென்ஷன் ஆகாதீங்க மேடம்."

திரும்பி வரும் வழியில் சிக்னலில் நின்றபோது கரீம் பாய் ஸ்டியரிங்கின் மேல் இருந்த தன் கைகளைப் பார்த்தார். விரல்களை விரித்தார், மூடினார்.

நாங்கள் கடைக்கு வருவதற்குள் அந்த மேலாளர் அண்ணனுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டிருந்தார். தேடிக்கொண்டிருந்த 'சார்' கிடைத்துவிட்டார் அல்லவா.

"பாய், கொஞ்ச நாள் வீட்டுல ரெஸ்ட் எடுங்க" என்றார் அண்ணன். சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். கரீம் பாய் சாவியை அந்தக் கையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"என்ன அண்ணே இது? ஒரு வார்த்தை என்கிட்ட கேட்கக்கூடாதா?"

"செல்வி, வயசானா ஒத்துக்கணும். நாளைக்கு எவன் மேலயாவது ஏத்திட்டா யார் பதில் சொல்றது?"

இதைச் சொன்ன அண்ணன் கரீம் பாயைவிட மூத்தவர்.

கைக்கு ஒரு நியாயம், சாலைக்கு ஒரு நியாயம்

மறுநாள் கரீம் பாய்க்குப் பதிலாக ஓர் ஆக்டிங் டிரைவர் வந்தார். சிந்தாதிரிப்பேட்டைக்காரர், முப்பது வயதுகூட இருக்காது, கம்பி மாதிரி உடம்பு. ஒரு சாப்பாட்டு மேஜைக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பாலவாக்கம் போனார். வாடிக்கையாளர் வீட்டு வாசலில் இறக்கும்போது பார்த்தால் ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது.

"ரோடு சரியில்லை" என்றார் அண்ணன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே வண்டி, அதே சாலை, அதே வேகம். கரீம் பாய் ஓட்டினால் குற்றம் கையில். இளைஞன் ஓட்டினால் குற்றம் சாலையில். வண்டியைச் சந்தேகப்பட மட்டும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஏனென்றால் வண்டியைச் சந்தேகப்பட்டால் கடைசியாக அதைக் கழற்றி மாட்டியவர்களைச் சந்தேகப்பட வேண்டும். அவர்களிடம் குளிரூட்டிய அறை இருக்கிறது. கரீம் பாயிடம் தாடிதான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி மும்தாஜ் அக்கா என்னை உள்ளே அழைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் கைய காட்டிட்டு வந்தாரு. ஒண்ணும் இல்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. இவுரு நம்ப மாட்றாரு. டீ டம்ளர விளிம்பு வரிக்கும் ஊத்தச் சொல்றாரு. கைல புடிச்சிகினு அதையே பாத்துகினு உக்காந்துக்கறாரு. டீ ஆறிப் பூடுது, குடிக்க மாட்றாரு."

கரீம் பாய் உள்ளறையில் இருந்தார். பக்கத்தில் ஆடை படிந்த டீ. என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தார்.

ஒரு பொய் மனிதனுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். இரும்பில் இருந்த கோளாறை எடுத்து ஒரு மனிதனின் உடம்புக்குள் வைத்துவிட்டார்கள். அவரும் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை விடியக்காலை ரெடியா இருங்க பாய். வண்டியை எடுக்கிறோம்."

"சாவி மொதலாளிகிட்ட கீதேமா."

"வண்டி எனக்கும்தான் சொந்தம்."

ஞாயிற்றுக்கிழமை

அதற்குள் நான் சும்மா இருக்கவில்லை. கைப்பேசியில் தேடித் தேடிப் பார்த்தேன். பழைய பிக்கப் வண்டிகளில் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வரும் நடுக்கத்தைப் பற்றி, உலகத்தின் ஏதேதோ மூலையில் இருப்பவர்கள் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். பாதி மொழி புரியவில்லை. ஆனால் எல்லாரும் ஒரே விதமாகத்தான் சோதித்தார்கள். ஒவ்வொன்றாகச் சந்தேகப்படு, ஒவ்வொன்றாக விடுவி. இதற்கு இயந்திரப் படிப்பு வேண்டியதில்லை. பொறுமையும் காலியான ஒரு சாலையும் போதும். சர்வீஸ் சென்டரில் இரண்டுமே கிடைக்கவில்லை.

கரீம் பாய் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்றார். "நான் ஓட்ல. நீ ஓட்டு." சரியென்று நானே ஓட்டினேன். மயிலாப்பூரில் அப்போதுதான் கோலமாவு விழுந்துகொண்டிருந்தது. அடையாறு பாலத்தில் ஆற்றுக் காற்று, அதன் வழக்கமான வாசனையோடு. கடற்கரைச் சாலையில் அக்கரை என்ற ஊர் தாண்டியதும் சாலை முழுக்க எங்களுடையது.

அறுபது. வந்தது நடுக்கம்.

என் கையில் ஸ்டியரிங் அமைதியாக இருந்தது. கீழே இருக்கை உதறியது. முன்சக்கரம் என்றால் ஸ்டியரிங் ஆட வேண்டும். ஆகவே கோளாறு பின்னால்.

அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்தேன். இன்ஜின் இன்னும் வேகமாகக் கத்தியது. நடுக்கம் துளியும் மாறவில்லை. பிறகு கியரையே எடுத்துவிட்டு வண்டியை அதன் போக்கில் ஓடவிட்டேன். இன்ஜின் அடங்கி முணுமுணுத்தது. நடுக்கம் அப்படியே இருந்தது. ஆகவே இன்ஜினும் இல்லை, கிளட்சும் இல்லை. டயர்கள் புத்தம் புதியவை.

அப்போது பக்கத்தில் பார்த்தேன். கரீம் பாய் வலது கையைத் தன் முன்னால் நீட்டிப் பிடித்திருந்தார். வண்டியோடு சேர்ந்து அது குலுங்கியது. நான் மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தினேன். கை அப்படியே நின்றது. நீட்டிய விரலின் நுனிகூட அசையவில்லை.

அவர் நெடுநேரம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தள்ளு. நான் ஓட்றேன்" என்றார்.

அம்புக்குறி

மிச்சமிருந்தது ஒரே சந்தேகம். முன்னாலிருந்து சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீண்ட இரும்புத் தண்டு. கிளட்ச் மாற்ற வேண்டுமென்றால் அதைக் கழற்றியே ஆக வேண்டும். வண்டி ஓடும் வேகத்துக்கு ஏற்பச் சுழல்வதும் அதுதான்.

எங்கள் தண்டு இரண்டு துண்டுகளால் ஆனது. ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கும். செருகும்போது திசை மாறிவிடக் கூடாது என்று, செய்தவர்களே இரண்டு துண்டிலும் ஓர் அம்புக்குறி போட்டிருப்பார்கள். இரண்டு அம்பும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். இதுவும் கைப்பேசி சொன்னதுதான்.

மறுநாள் சிந்தாதிரிப்பேட்டையில், தண்டு வேலை மட்டும் செய்கிற ஒரு பட்டறையில் வண்டியைத் தூக்கி நிறுத்தினோம். பட்டறைக்காரர் தன்னைப் பற்றித் தானே நிறையச் சொல்லிக்கொள்கிற ஆள். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் கீழே நுழைந்து, கைப்பேசி வெளிச்சத்தில், பழந்துணியால் கிரீஸைத் துடைத்தேன்.

ஓர் அம்பு தரையைப் பார்த்தது. இன்னோர் அம்பு பக்கவாட்டில் கூவம் ஆற்றைப் பார்த்தது.

"பாய், இங்க வாங்க!"

கரீம் பாய் குனிந்து பார்த்தார். பட்டறைக்காரரும் பார்த்தார்.

"அட, இன்னா நைனா இது, எவன் மாட்னான் இத? கண்ண மூடிகினு சொருகிக்கீறான்!"

நான் படம் எடுத்துக்கொண்டேன். பிறகுதான் கழற்ற விட்டேன். கழற்றி, அம்பும் அம்பும் சேரும்படி திருப்பிச் செருகி, மாட்டினார்கள். ஒரு டீ நேரத்து வேலை. அதற்காகத்தான் நான்கு டயர்கள், உடைந்த கண்ணாடிகள், ஆறிப்போன டீ.

அங்கிருந்து நேராகக் கடற்கரைச் சாலை. கரீம் பாய்தான் ஓட்டினார். அறுபது. எழுபது. தண்ணீர் பாட்டில் வாயைத் திறக்கவில்லை. திரும்பும்போது நான் சொல்லாமலே வண்டியை நந்தனம் பக்கம் விட்டார்.

"எனக்கு இல்லை"

மேலாளர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "டெக்னீஷியன் மிஸ்டேக் மேடம். சாரி. அடுத்த சர்வீஸ் ஃப்ரீயா பண்ணிடலாம்."

"சாரி எனக்கு இல்லை. வெளியில வண்டிகிட்ட நிக்கிறார், அவருக்கு."

அண்ணனுக்குத் தொலைபேசி செய்யட்டுமா என்று மேலாளர் கேட்டார். வேண்டாம் என்றேன். காப்பி சொல்லட்டுமா என்றார். அதுவும் வேண்டாம் என்றேன். வேறு வழியில்லாமல் வெளியே வந்து, கரீம் பாயின் தோளில் கை வைத்தார்.

"சாரி பாய். அன்னிக்கு ஏதோ ஜோக்குக்குச் சொன்னது. மனசுல வச்சுக்காதீங்க."

கரீம் பாய் அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே விட்டார்.

"ஜோக்குன்னா நானும் சிரிச்சிருக்கணுமே சார்?"

மேலாளர் அந்தக் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"சிரிச்சவங்கல்லாம் உள்ளதான் கீறாங்க. கூப்புடு. அவங்க எதிர்ல சொன்னேல்ல, அவங்க எதிர்ல சொல்லு."

சண்டைபோடும் குரல் இல்லை. தியாகராய நகரில் வழி கேட்பாரே, அந்தக் குரல். ஆனால் அவர் நகரவில்லை. வண்டி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் ஒரு கார் ஒலி எழுப்பியது. மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். அட்டைக்காரர் கதவைத் திறந்தபடி நின்றார்.

மேலாளர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாங்க மாட்டினதுதான் தப்பு. இவர் கைல ஒண்ணும் இல்ல."

"செரி" என்றார் கரீம் பாய். வண்டியில் ஏறினார்.

எனக்கு ஆறவில்லை. இன்றைக்கும் ஆறவில்லை. அறுபதைத் தாண்டிய எத்தனை பேர் இதேபோல ஏதோ ஒரு வாசலில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள்! அவர்களுக்கெல்லாம் வண்டியைத் தூக்கிப் பார்க்க யார் இருந்தார்கள்?

அண்ணனிடம் படத்தைக் காட்டினேன். பார்த்தார், கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். மன்னிப்பு என்ற சொல் எங்கள் குடும்பத்து ஆண்களின் வாயில் வராது. ஆனால் அந்த வாரம், திறப்பு விழா முடிந்தும் காத்திருந்த நீலாங்கரை அழகு நிலையத்துக்கு மாற்றுக் கண்ணாடி கிளம்பியபோது, கல்லாவை விட்டு இறங்கி வந்து வண்டியில் ஏறிக்கொண்டார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. சாலை நெடுக வேகமுள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இறக்கும் இடத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன் பாய்" என்றார். கண்ணாடி தூக்கி எத்தனையோ வருடங்களாகிவிட்ட கைகள். முன்னால் கரீம் பாய், பின்னால் அண்ணன். படியில் கால் வைத்ததும் அண்ணனின் கை நடுங்க ஆரம்பித்தது. கண்ணாடிக்குள் தென்னைமரமும் வாசலும் நானும் சேர்ந்து ஆடினோம்.

கரீம் பாய் அதைக் கண்ணாடியிலேயே பார்த்துவிட்டார். திரும்பவில்லை.

"மெள்ள வா மொதலாளி" என்றார். "வெய்ட்டு என் பக்கம்தான் கீது."